கையெழுத்தும் தலையெழுத்தும்

பிள்ளைகளுக்குக் கையெழுத்துக் கெட்டுப்போய்விட்டது என்று ஒரு கூக்குரல் சில வருஷங்களாக நாட்டில் கிளம்பி இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்திலே பேசுகிறவர்களும், பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுகிறவர்களும், உத்தியோகத்திலிருந்து விலகித் திண்ணையில் சாய்ந்திருக்கிற பெரியவர்களும் இதே பேச்சாக இருக்கிறார்கள். அந்தக் காலத்திலே நாலு கோடு நோட்டில் கை எடுக்காமல் முத்து முத்தாய்ச் சேர்த்து எழுதினோம் என்றும், இந்தக் காலத்துப் பிள்ளைகள் கோழி கிளறினது போல் ஒவ்வொரு எழுத்தாய்ப் பிய்த்துப் பிய்த்து எழுதுகிறார்கள் என்றும், செல்போன் வந்து எல்லாவற்றையும் குட்டிச்சுவராக்கி விட்டது என்றும், கூட்டெழுத்துப் போனதோடு ஒழுக்கமும் போய்விட்டது என்றும் சொல்லிச் சொல்லி வருத்தப்படுகிறார்கள்.

இப்படி வருத்தப்படுகிற இதே பெரியவர்கள் வாயில்தான் இன்னொரு பேச்சும் இருக்கிறது. "கையெழுத்து நன்றாயிருந்தால் தலையெழுத்து நன்றாயிருக்காது" என்பது அது. அது நிஜமென்றால், கையெழுத்துக் கெட்டுப்போன இன்றையப் பிள்ளைகளுக்கெல்லாம் பெரிய யோகம் காத்திருக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டியதுதானே? எதற்காக அழவேண்டும்? அதிருக்கட்டும். இந்தத் தலையெழுத்து என்பதை எழுதினவன் பிரம்மா என்கிறார்கள். அவன் எழுதினதாகச் சொல்லப்படுவதை இன்றுவரை படித்தவர் ஒருவரும் இல்லை. ஒருவராலும் படிக்க முடியாத எழுத்தை எழுதினவனைக் கடவுள் என்று கும்பிடுகிறவர்கள், படிக்க முடியாமல் எழுதுகிற எட்டு வயதுப் பிள்ளையை மாத்திரம் ஏன் பிரம்பால் அடிக்கிறார்கள் என்பது நமக்கு விளங்கவில்லை.

நிற்க. வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். இந்தக் கூக்குரலில் பாதி வெறும் பழமைப் பற்று. மற்றொரு பாதி நிஜமாகவே நாம் கவலைப்பட வேண்டிய சங்கதி. இரண்டையும் ஒன்றாய்ப் போட்டுக் குழப்புவதால், எதற்குக் கவலைப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டு, எது போனால் நஷ்டமில்லையோ அதற்காக மாரடித்துக் கொண்டிருக்கிறோம்.

காணாமற் போய்விட்டதாகச் சொல்லப்படும் இந்தக் கூட்டெழுத்து எங்கிருந்து வந்தது? அய்ரோப்பாவிலே பறவை இறகைச் சீவி மையில் தோய்த்து எழுதின காலத்தில், இறகைத் தாளிலிருந்து எடுத்து எடுத்து வைத்தால் மை சொட்டும்; முனை தாளில் சிக்கும். ஆகவே எடுக்காமல் இழுத்துக்கொண்டே போவது சௌகரியமாய் இருந்தது. வியாபாரக் கணக்கும் கடிதமும் மலை மலையாய் எழுதிக் குவிக்க வேண்டிய குமாஸ்தாக்களுக்கு அது வேகத்தையும் கொடுத்தது. செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த மாதிரிப் புத்தகங்களைப் பார்த்து 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் குமாஸ்தாக்கள் பழகின அந்த எழுத்தே கப்பலேறி இங்கும் வந்தது. நம்மவர்கள் அதைப் பழகினது அழகில் சொக்கிப் போய் அல்ல. கச்சேரியில் ஒரு நாற்காலி கிடைக்கும் என்பதற்காகத்தான். பிறகு தட்டெழுத்து இயந்திரம் வந்தது. ஊருக்கு ஊர் தட்டெழுத்துப் பள்ளிக்கூடம் வந்தது. 1938இல் லாஸ்லோ பீரோ என்கிற ஹங்கேரி தேசத்துக்காரர் உருண்டை முனைப் பேனாவுக்கு உரிமைச் சாசனம் வாங்கினார். அது சொட்டுவதும் இல்லை, சிக்குவதும் இல்லை. கருவி மாறினால் கைப்பழக்கமும் மாறத்தான் செய்யும். ஏற்றம் போய்ப் பம்புசெட்டு வந்தபோது, அய்யோ ஏற்றப்பாட்டுப் போச்சே என்று வரப்பில் நின்றவர்கள் வருத்தப்பட்டார்களே ஒழிய, ஏற்றத்தை மிதித்தவன் வருத்தப்பட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

அழகாய் எழுதுகிறவன் யோக்கியன் என்பதற்கும் ஆதாரம் ஒன்றும் இல்லை. கள்ளப் பத்திரம் எழுதி ஜெயிலுக்குப் போகிறவர்களைப் போல் அழகாய் எழுதுகிறவர்களைக் காண்பது அரிது. தோழர் காந்தியார், தம் கையெழுத்து மோசமாய் இருந்ததற்காகத் தாம் வெட்கப்பட்டதாகத் தம் சுயசரிதையில் எழுதி இருக்கிறார். அவருடன் நமக்கு எத்தனையோ விஷயத்தில் சண்டை உண்டு. ஆனால் அதே இடத்தில், பிள்ளைகளுக்கு எழுத்தைப் பழக்குமுன் சித்திரம் வரையப் பழக்க வேண்டும் என்று அவர் சொல்லி இருப்பது புத்திசாலித்தனமான யோசனை. எழுத்து என்பது கண்ணும் கையும் சேர்ந்து பழகுகிற ஒரு தொழில். அதற்கும் ஒழுக்கத்துக்கும் முடிச்சுப் போடுவது கையாலாகாத உபாத்தியாயர்களின் வேலை.

இங்கிலீஷ் கூட்டெழுத்து வெள்ளைக்காரனுடையது, போகட்டும், நம் தமிழில் கூட்டெழுத்து இல்லையா என்று சிலர் கேட்கலாம். இருந்தது. ஓலையில் எழுத்தாணியால் எழுதினபோது மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடம் விடுவதில்லை. கோத்த மாலை போல ஒரே ஓட்டமாய் எழுதிக்கொண்டு போவார்கள். காகிதம் வந்த பிறகும் கணக்கு எழுதுகிறவர்கள் கையில் அந்தப் பழக்கம் போகவில்லை. கர்ணத்தின் எழுத்து என்றால் கர்ணம்தான் படிக்க வேண்டும். எழுத்தோடு எழுத்தை இழுத்துப் பின்னி, புள்ளி இல்லாமல், தமிழ் இலக்கங்களைப் போட்டு, காணி, முந்திரி, மாகாணி என்கிற பின்னங்களுக்கு ஒவ்வொரு சுழியைப் போட்டு வைத்திருப்பார்கள். முந்திரி என்றால் ஒன்றை 320 பங்காக்கி அதில் ஒரு பங்கு. குடியானவன் நிலம் எவ்வளவு, தீர்வை எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் அந்தச் சுழிக்குள் இருந்தது. சுழியைப் படிக்கத் தெரிந்தவன் எஜமான். தெரியாதவன் கை கட்டி நிற்கிறவன். இதிலே பார்ப்பனரை மாத்திரம் சொல்லித் தப்பித்துக் கொள்ள நாம் தயாராயில்லை. தமிழ் ஜில்லாக்களில் எத்தனையோ ஊரில் கர்ணம் வேலை பார்த்தவர்கள் பார்ப்பனரல்லாத மேல்ஜாதியார்தான். அடுத்தவன் படிக்காமல் இருக்கிறவரைதான் தனக்குப் பிழைப்பு என்கிற எண்ணம் எந்த ஜாதிக்காரனுக்கு வந்தாலும் அது பார்ப்பனியமே ஆகும்.

இதற்கு ஒரு உதாரணம் சொல்லுகிறோம். நம் ஊர்ப் பக்கத்துத் தோழர் ஒருவர் சென்ற தை மாதத்தில் ஒரு பழைய காகிதத்தைக் கொண்டுவந்தார். அவருடைய பாட்டனார் 1941ஆம் வருஷத்தில் எழுதிக் கொடுத்த ஒரு பத்திரத்தின் நகல் அது. பாட்டனார் விவசாயக் கூலி. ஒரு சிறு துண்டு நிலம் வைத்திருந்தார். தோழரோ கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கினவர். ஆனால் அந்த நகலில் ஒரு வரியைக்கூட அவரால் படிக்க முடியவில்லை. நம்மாலும் அங்கொன்று இங்கொன்றாகத்தான் படிக்க முடிந்தது. அவ்வளவு பின்னல். கடைசியில், பத்திர எழுத்தராய் இருந்து ஓய்ந்துபோன, 80 வயதைத் தாண்டின ஒருவரைத் தேடிப்பிடித்துப் படிக்கச் செய்தோம். நிலத்தை விற்றுவிட்டதாகத்தான் அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். படித்துப் பார்த்தால் அது கிரயப் பத்திரமே அல்ல, போக்கியப் பத்திரம். வாங்கின தொகையைத் திருப்பிக் கொடுத்தால் நிலத்தை மீட்டுக் கொள்ளலாம் என்று அதில் தெளிவாய் எழுதி இருந்தது. வழக்குப் போடுகிற கெடு கடந்து எத்தனையோ வருஷமாகி விட்டபடியால் இன்று அதனால் காலணா பிரயோஜனம் இல்லை.

அந்த நகலின் அடியில் பாட்டனார் பெயருக்குப் பக்கத்தில் 'கைநாட்டு' என்று எழுதி இருந்தது. பாட்டனாருக்கு எழுத்தே தெரியாததால் தாம் எதற்குச் சம்மதித்தோம் என்று தெரியவில்லை. பேரனுக்கு எழுத்துத் தெரிந்தும் அந்தக் கை தெரியாததால் பாட்டனார் எதற்குச் சம்மதித்தார் என்று தெரியவில்லை. கூட்டெழுத்தின் அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் காகிதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பரம்பரையாய் வந்த கர்ணம், மணியக்காரர் ஆதிக்கம் 1980ஆம் வருஷ நவம்பரில் ஒரு அவசரச் சட்டத்தால் ஒழிந்தது. அதன் பிறகு பரீட்சை எழுதித் தேறினவர்கள் கிராம நிர்வாக அலுவலர்களாக வந்தார்கள். எந்த ஜாதிக்காரரும் வரலாம் என்றாயிற்று. இன்று பட்டா அச்சில் வருகிறது. எழுத்துத் தெரிந்த எவரும் படிக்கலாம். அந்தப் பின்னல் எழுத்துப் போனதற்காக நாம் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடமாட்டோம்.

எழுத்தை மாற்றினால் தமிழே போய்விடும் என்கிற கூப்பாடும் நமக்குப் புதிதல்ல. 1935ஆம் வருஷம் பெரியார் 'குடிஅரசு'ப் பத்திரிகையில் சீர்திருத்த எழுத்தைக் கையாளத் தொடங்கினபோது என்ன நடந்தது? ணா, றா, னா என்பவைகளும், ணை, லை, ளை, னை என்பவைகளும் அப்போது இப்படி இருக்கவில்லை. காலும் கொம்பும் எழுத்தோடேயே ஒட்டிக்கொண்டு, யானைத் துதிக்கை போல் சுருண்டு கிடந்தன. பிள்ளைகள் அவைகளைத் தனித்தனியாய் நெட்டுருப் போட வேண்டும். அச்சுக் கோக்கிறவனும் தனித்தனி அச்சு வைத்திருக்க வேண்டும். மற்ற எழுத்துக்களுக்கு உள்ள காலையும் கொம்பையுமே இவைகளுக்கும் போட்டால் என்ன என்று பெரியார் கேட்டார். பண்டிதர்கள் பரிகாசம் செய்தார்கள். 43 வருஷம் கழித்து, 1978ஆம் வருஷ அக்டோபரில், தமிழ்நாட்டு சர்க்கார் அந்த 13 எழுத்துக்களின் மாற்றத்தை ஒப்புக்கொண்டு உத்தரவு போட்டது. அன்று பரிகாசம் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்த எழுத்தில்தான் எழுதுகிறார்கள். தமிழ் எங்கும் ஓடிப்போய்விடவில்லை.

ஆகையால் கூட்டெழுத்துப் போவதால் ஒன்றும் முழுகிப் போகாது என்பது நம் அபிப்பிராயம். வெளிநாட்டார் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்றும் பார்க்கலாம். அமெரிக்காவில் 2010இல் பல மாகாணங்கள் ஏற்றுக்கொண்ட பொதுப் பாடத் திட்டத்தில் கூட்டெழுத்துச் சேர்க்கப்படவில்லை. பின்லாந்தில் 2016 முதல் அது கட்டாயமில்லை என்றாக்கினார்கள். கலிபோர்னியாவிலோ 2023இல் சட்டம் போட்டு 1 முதல் 6ஆம் வகுப்பு வரை மறுபடியும் கற்பிக்கச் சொல்லி இருக்கிறார்கள். எடுத்துப் பார்த்தார்கள், தேவை என்று தோன்றின இடத்தில் திரும்ப வைத்தார்கள். சரஸ்வதி கோபித்துக் கொள்ளுவாள் என்று அங்கே எவரும் சட்டசபையில் பேசினதாகத் தெரியவில்லை.

இனி, கவலைப்பட வேண்டிய பாதிக்கு வருவோம். இன்றைக்குப் பிள்ளைகள் சேர்த்து எழுதுவதில்லை என்பது பெரிதல்ல. எழுதுவதே இல்லை என்பதுதான் பெரிது. 2020 மார்ச்சில் தொற்று நோயால் மூடின பள்ளிக்கூடங்கள், 1 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. வீட்டில் படித்த தகப்பன் தாய் இருந்த பிள்ளை, செல்போனில் பாடம் கேட்டுத் தப்பிவிட்டது. இரண்டு பேரும் கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு, தான் கற்ற எழுத்தும் கையைவிட்டுப் போய்விட்டது. சர்க்கார் 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' என்றும், 2022இல் 'எண்ணும் எழுத்தும்' என்றும் திட்டங்கள் தொடங்கினதற்கே காரணம் இதுதான். எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பையனுக்குத் தன் பெயருக்கு மேல் நாலு வாக்கியம் சொந்தமாய் எழுத வரவில்லை என்று உபாத்தியாயர்களே நம்மிடம் சொல்லுகிறார்கள்.

எழுதுகிற பிள்ளையும் என்ன எழுதுகிறது? கரும்பலகையில் இருப்பதையோ, விலைக்கு வாங்கின உரைநூலில் இருப்பதையோ பார்த்து எழுதுகிறது. ஒரு தடவை தப்பாய் எழுதினால் பத்துத் தடவை எழுதச் சொல்லுகிறார்கள். அர்த்தம் தெரியாமல் வாயால் முணுமுணுப்பதை மந்திரம் என்கிறோம். அர்த்தம் தெரியாமல் கையால் எழுதுவதற்கு என்ன பெயர்? அதுவும் மந்திரம்தான். வாய்க்குப் பதில் கை முணுமுணுக்கிறது. இந்த மந்திரத்தை முத்து முத்தாய் எழுதினால் ஒரு சபாஷும், கோணலாய் எழுதினால் ஒரு குட்டும் கொடுக்கிற பள்ளிக்கூடத்தில், பிள்ளை எழுத்தை வெறுக்காமல் வேறென்ன செய்யும்? அந்த வெறுப்போடு வீட்டுக்கு வந்து செல்போனை எடுத்தால், அதில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டிவிடுகிறது. அல்லது வாயால் பேசி அனுப்பி விடுகிறது.

தட்டினால் என்ன, பேசினால் என்ன, காலம் மாறிவிட்டது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்கலாம். சரியான கேள்விதான். கம்ப்யூட்டரும் வேண்டும், செல்போனும் வேண்டும் என்பதில் நமக்குத் தகராறு இல்லை. ஆனால் பரீட்சை எதில் நடக்கிறது? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வும் மூன்று மணி நேரம் தாளில் கையால் எழுதுவது. பெரிய உத்தியோகங்களுக்கு சர்வீஸ் கமிஷன் நடத்துகிற முதல் தொகுதிப் பிரதானத் தேர்வும் கையால் எழுதுவதே. மூன்று மணி நேரம் கை வலிக்காமல், படிக்கிறாற்போல், மனதில் இருப்பதை எழுதத் தெரிந்த பிள்ளை மேலே போகிறது. அது தெரியாத பிள்ளை, பதில் தெரிந்திருந்தும் பாதித் தாளை வெறுமையாய்க் கொடுத்துவிட்டு வருகிறது. பணக்காரன் என்ன செய்கிறான்? பட்டணத்திலே கையெழுத்துப் பழக்குவதற்கென்றே கட்டணம் வாங்குகிற வகுப்புகள் இருக்கின்றன, அங்கே அனுப்புகிறான், வீட்டில் கம்ப்யூட்டரும் வாங்கி வைக்கிறான். அவன் பிள்ளைக்குப் பேனாவும் உண்டு, பொத்தானும் உண்டு. கூலிக்காரன் பிள்ளைக்கு இரண்டும் இல்லை. வீட்டிலே முதன்முதல் பள்ளிக்கூடம் பார்க்கிற பிள்ளைக்குக் கையெழுத்தைச் சொல்லிக் கொடுக்க அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டால் உலகத்தில் வேறு இடமே கிடையாது. அங்கேயும் அது கவனிப்பாரற்றுப் போவதுதான் நமக்கு ஆத்திரமாய் இருக்கிறது.

கையால் எழுதுவதில் மூளைக்கு நன்மை உண்டா என்று நார்வே தேசத்தில் ட்ராண்ட்ஹைம் நகரத்துப் பல்கலைக்கழகத்தார் சோதித்து 2024இல் வெளியிட்டார்கள். 36 மாணவர்களின் தலையில் மின் அலைகளை அளக்கும் கருவியை வைத்து, சொற்களைக் கையால் எழுதச் செய்தும், பொத்தானைத் தட்டச் செய்தும் பார்த்ததில், கையால் எழுதும்போது மூளையின் பல பாகங்கள் ஒன்றோடொன்று அதிகமாய்ச் சேர்ந்து வேலை செய்வதைக் கண்டார்கள். உடனே சிலர் இதோ கூட்டெழுத்தின் மகிமை என்று குதிக்கிறார்கள். அவர்கள் ஒப்பிட்டது எழுதுவதையும் தட்டுவதையும். சேர்த்து எழுதுவதையும் பிரித்து எழுதுவதையும் அல்ல. சோதிக்கப்பட்டவர்களும் வளர்ந்த மாணவர்கள். சிறு பிள்ளைகள் அல்ல. சயன்ஸ் எவ்வளவு சொல்லுகிறதோ அவ்வளவைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேலே ஏற்றிச் சொல்லுகிறவன், கோபுரத்தில் மின்னலைத் தாங்கும் ரகசியம் இருந்தது என்று சொல்லுகிறவனுக்குத் தம்பி.

இந்த விஷயத்தில் மதம் செய்கிற கூத்தையும் சொல்லாமல் விடமுடியாது. பிள்ளைக்கு முதன்முதல் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறபோதே தட்டில் அரிசியைப் பரப்பிப் புரோகிதர் கையைப் பிடித்து எழுதச் செய்கிறார்கள். காகிதத்தில் எதை எழுதினாலும் முதலில் பிள்ளையார் சுழி. எழுதத் தெரியாதவன்கூட அந்த ஒரு சுழியை மாத்திரம் கை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்டு விடுகிறான். நம் நாட்டில் குறைவில்லாமல் நிலைத்திருக்கிற கூட்டெழுத்து அது ஒன்றுதான். பொதுத்தேர்வு நெருங்கினால் பேனாக்களைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டு வாங்குகிறார்கள். பேனாவுக்குப் பூசை போட்டவர்கள் அதைப் பிடிக்கிற விரலுக்குப் பழக்கம் கொடுத்தார்களா என்றால் இல்லை. கல்விக்குத் தெய்வம் என்று கொண்டாடும் சரஸ்வதி பூசையன்றோ, புத்தகத்தையும் பேனாவையும் சந்தனம் குங்குமம் பூசி அடுக்கி வைத்து, தொடாதே என்கிறார்கள். வருஷத்தில் ஒரு நாள்தானே என்பார்கள். பல நூறு வருஷமாகத் தொடாதே என்று சொல்லப்பட்ட ஜாதியில் பிறந்தவனுக்கு அந்த ஒரு நாளும் கசக்கத்தான் செய்யும்.

இதைவிடக் கொடுமை இடது கைப் பிள்ளைகளுடைய சங்கதி. இயற்கையாய் இடது கையால் எழுத வருகிற பிள்ளையைப் 'பீச்சாங்கை' என்று பரிகாசம் செய்து, விரலில் அடித்து, வலது கையால் எழுத வைக்கிறார்கள். என்ன காரணம்? இடது கை அசுத்தமாம். அந்தக் கையால் எழுதினால் சரஸ்வதி வரமாட்டாளாம். அப்படி அடித்துத் திருப்பப்பட்ட பிள்ளை வலது கையால் கோணலாய் எழுதும்போது, கையெழுத்துச் சரியில்லை என்று மறுபடியும் அடி. கழுவினால் எந்தக் கையும் சுத்தந்தான் என்கிற சாதாரண அறிவு வீட்டிலும் பள்ளியிலும் வந்துவிட்டால், எத்தனையோ பிள்ளைகளின் கையெழுத்து மருந்தில்லாமல் குணமாகிவிடும்.

நம் மக்களுக்குக் கையெழுத்து என்பது அலங்காரச் சாமானாக என்றைக்கும் இருந்ததில்லை. 1951ஆம் வருஷ ஜனக் கணக்கில் இந்த மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய அய்ந்தில் ஒருவர்தான். 2011 கணக்கில் தமிழ்நாட்டில் 100க்கு 80 பேர். பெண்களில் மாத்திரம் எடுத்தால் 73 பேர். இந்த வித்தியாசம் சும்மா வந்ததல்ல. 1991இல் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல் உடைக்கிற பெண்கள்கூடப் பகலெல்லாம் சுத்தியல் பிடித்த கையால் இரவில் எழுதுகோல் பிடித்தார்கள்; சைக்கிள் விடவும் பழகினார்கள். அவர்கள் எழுத்து வளைவும் நெளிவுமாய் அழகாய் இருந்தது என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் பெருவிரலில் மை தடவிக்கொள்ள மாட்டேன், என் பெயரை நானே எழுதுவேன் என்று சொன்னார்களே, அதற்குப் பெயர்தான் சுயமரியாதை.

இன்று பெருவிரல் திரும்பி வந்திருக்கிறது. ரேஷன் கடையிலே இயந்திரத்தில் விரலை வைத்தால்தான் அரிசி. பத்திரப் பதிவுக் கச்சேரியில் பட்டதாரியும் விரலை வைக்கிறான். இயந்திரத்துக்கு ஆளை அடையாளம் கண்டுபிடிக்க அது உதவட்டும். அதில் ஆட்சேபணை இல்லை. விரல் ரேகை நீ யார் என்று மாத்திரம்தான் சொல்லும். நீ என்ன நினைக்கிறாய், எதற்குச் சம்மதிக்கிறாய், எதை மறுக்கிறாய் என்று அது சொல்லாது. திங்கட்கிழமை தோறும் கலெக்டர் கச்சேரி வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறதே, அங்கே போய்ப் பாருங்கள். தன் நிலத் தகராறைத் தன் வாயால் ஒரு மணி நேரம் சொல்லத் தெரிந்த மனிதன், அதை நாலு வரி எழுதத் தெரியாததால் காசு கொடுத்து நிற்கிறான். பக்கத்திலே பள்ளிக்கூடம் முடித்த அவன் மகனும் நிற்கிறான். அவனும் எழுதவில்லை.

ஆகவே நாம் கேட்பது வளைவு நெளிவு அல்ல. ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் தினம் கால் மணி நேரமாவது பிள்ளை எதையும் பாராமல், தான் கண்டதை, கேட்டதை, தனக்குக் கோபம் வந்ததைச் சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும். அதற்கு அழகு மார்க்கு வேண்டாம். மற்றவன் படிக்கிறாற்போல் இருந்தால் போதும். மருந்துச் சீட்டைப் படிக்கிறாற்போலும், கூடுமானால் பெரிய எழுத்திலும் எழுதும்படி 2016இல் மருத்துவக் கவுன்சில் டாக்டர்களுக்கே விதி போட வேண்டி வந்தது. அத்தனை படித்தவருக்கே கேட்க வேண்டியதாயிருக்கிற காரியத்தைப் பிள்ளையிடம் அன்பாய்க் கேட்டால் குறைந்து போகாது. கூட்டெழுத்து வேண்டும் என்கிற பிள்ளை, சித்திரம் பழகுவது போல் அதையும் பழகட்டும். ஆனால் எழுதாவிட்டாலும் அதைப் படிக்க எல்லாப் பிள்ளைக்கும் தெரிய வேண்டும் என்று மாத்திரம் நாம் வற்புறுத்துவோம். அதற்கு வருஷக் கணக்கு வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பில் சில வாரம் போதும். வீட்டில் பெட்டிக்குள் கிடக்கிற பழைய கடிதம், கைமாற்றுச் சீட்டு, பத்திர நகல் இவைகளைக் கொண்டுவரச் சொல்லி, உபாத்தியாயரோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கச் செய்தால் ஆகிவிடும். ஏழைகள் வீட்டில் காகிதம் குறைவு. இருக்கிற ஒன்றிரண்டும் அவர்களை ஏமாற்ற எழுதினவையாகவே இருக்கும். அதனால்தான் அவைகளைப் படிக்கத் தெரியவேண்டும் என்கிறோம்.

மேலே சொன்ன தோழருக்கு ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள். அந்த முதியவர் பத்திரத்தைப் படிக்கப் படிக்க, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள்தான் முழுவதையும் நோட்டில் எழுதிக் கொண்டாள். முதியவர் இரண்டொரு இடத்தில் வேகமாய்ப் போனபோது, "தாத்தா, நில்லுங்க, போக்கியம்னா என்ன?" என்று கேட்டு, தெரிந்துகொண்ட பிறகே எழுதினாள். எழுத்து கோணல்தான், ஒரு எழுத்தோடு ஒரு எழுத்து ஒட்டவில்லை. மறுநாள் அந்த நோட்டு அவர்கள் தெருவில் வீடு வீடாய்ப் போயிற்று. படிக்கத் தெரிந்த எல்லோரும் படித்தார்கள். அதற்கு அடுத்த வாரம் இன்னும் மூன்று வீட்டார் தங்கள் பெட்டியில் இருந்த காகிதங்களை எடுத்துக்கொண்டு அவளைத் தேடி வந்திருக்கிறார்கள்.